இன்னும் தேடுகிறவர்களின் பாடல்



நாற்பதாம் சங்கீதத்தின் முதல் மூன்று வசனங்களை நாம் அடிக்கடி சாட்சியாகச் சொல்லுகிறோம். சேற்றுக் குழியிலிருந்து தூக்கியெடுக்கப்பட்டு, கன்மலையின்மேல் நிறுத்தப்பட்ட ஒருவன் புதுப்பாட்டைப் பாடுகிறான். ஆனால் அந்தச் சங்கீதம் எப்படி முடிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அதே மனிதன், எண்ணிமுடியாத தீமைகள் தன்னைச் சூழ்ந்துகொண்டன என்று சொல்லி, தாமதிக்க வேண்டாம் எனத் தேவனிடம் மன்றாடி நிற்கிறான். துதியும் கண்ணீரும் ஒரே பாட்டுக்குள் இருக்கின்றன.

இந்தச் சங்கீதத்தை 1983-இல் ஒரு ராக் இசைக்குழு பாடியது என்றால் சிலர் வியப்படையலாம். அயர்லாந்தின் டப்ளின் நகரில், 1976-இல் பள்ளி மாணவர்களாகச் சேர்ந்த நால்வரின் குழுவாகிய யூ2, தன் மூன்றாவது இசைத்தொகுப்பை இச்சங்கீதத்தைக் கொண்டே முடித்தது. அதோடு, துன்பம் எத்தனை காலம் நீடிக்கும் என்ற ஆறாம் சங்கீதத்தின் கேள்வியையும் இணைத்துக்கொண்டது. எண்பதுகளில் அவர்கள் தங்கள் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் இப்பாடலோடுதான் நிறைவுசெய்தார்கள். ஒருவர்பின் ஒருவராக மேடையை விட்டு இறங்கிப்போக, திரண்டிருந்த ஜனங்கள் அந்தக் கேள்வியைத் தொடர்ந்து பாடிக்கொண்டே இருப்பார்களாம்.

பெங்களூரில் இறையியல் பயின்ற நாட்களில் என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனை முடிந்து விடுதிக்குத் திரும்பியபின், சிற்றாலயத்தில் எல்லாரும் பாடும்போது என் வாய் திறக்கவில்லை. விசுவாசம் போய்விடவில்லை, பாட்டுதான் வரவில்லை. அறைத்தோழர் ஒருவர் கொடுத்த ஒலிநாடாவில்தான் இக்குழுவின் பாடல்களை முதன்முதலாகக் கேட்டேன். அவற்றுள் 1987-இல் வெளிவந்த ‘தி ஜோஷுவா ட்ரீ’ தொகுப்பின் ஒரு பாடல் என்னைப் பிடித்துக்கொண்டது. தன் வெட்கத்தையும் சிலுவையையும் சுமந்தவரை நம்புகிறேன் என்று அறிக்கையிடும் ஒருவன், ஆயினும் தேடியதை இன்னும் கண்டடையவில்லை என்று பாடுகிறான். அந்நாட்களில் அது எனக்கு ஜெபமாயிற்று.

அவர்களை நேரில் காண ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்திருந்தேன். யூ2 இந்தியாவில் முதன்முதலாகப் பாடிய நாள் 2019 டிசம்பர் 15, கிறிஸ்து வருகையின் மூன்றாம் ஞாயிறு. காலையில் மும்பையிலுள்ள ஒரு தமிழ்ச் சபையில் பிரசங்கித்தேன். மாலையில் அங்கே பணிபுரியும் என் மகள் என்னை நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கத்துக்கு அழைத்துச் சென்றாள்.

முதலில் லாரி மல்லன் தனியாக நடந்துவந்து முரசு கொட்டத் தொடங்கினார். 1972-இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில், பிரித்தானியப் படைவீரர்களின் துப்பாக்கிச்சூட்டில் நிராயுதபாணிகளான மக்கள் மடிந்த ஞாயிற்றுக்கிழமையை நினைவுகூரும் பாடல் அது. பின்னர் பிரம்மாண்டமான திரை செந்நிறமாக மாற, அதில் யோசுவா மரம் கருநிழலாக எழுந்தது. சற்று நேரத்தில், விடுதி அறையில் நான் தனியே கேட்ட அந்தப் பாடல் தொடங்கியது. அரங்கம் முழுவதும் பாடியது. என்னால் பாட முடியவில்லை.

“அப்பா, உங்களுக்குப் பிடிச்ச பாட்டாச்சே, பாடலையா?” என்று மகள் கேட்டாள்.

“அவங்க பாடுறாங்கம்மா, அது போதும்” என்றேன்.

உண்மையிலேயே அது போதுமானதாக இருந்தது. ஒலிநாடாவில் அது ஒருவனுடைய பாட்டு. அங்கே அது ஒரு கூட்டத்தின் பாட்டாக இருந்தது. எனக்கு முன்பின் தெரியாதவர்கள், வேறு மதத்தினர், என் மகளின் வயதினர், எல்லாரும் சேர்ந்து பாட, நான் அந்தப் பாட்டுக்குள் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன்.

யோசுவா மரம் அமெரிக்காவின் மோஹாவி பாலைவனத்தில் வளர்வது. அதன் கிளைகள், ஜெபிக்கும்படி உயர்த்திய கைகளைப்போலத் தோன்றியதால் அப்பெயர் வந்தது என்பார்கள். உயர்த்திய கைகள் என்றதும் யாத்திராகமம் 17-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. யோசுவா அமலேக்கோடு யுத்தம்பண்ணுகையில் மலையுச்சியில் மோசேயின் கைகள் அசந்துபோயின. தேவன் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று, சூரியன் அஸ்தமிக்கும்வரை அக்கைகளைத் தாங்கினார்கள்.

சபையார் கூடிப் பாடுவதன் பொருள் இதுவே என்று எண்ணுகிறேன். பாட முடிந்தவர்கள், பாட முடியாதவரின் பங்கையும் சேர்த்துப் பாடுகிறார்கள்.

தேடல் அவிசுவாசத்தின் அடையாளமல்ல. தான் இன்னும் அடைந்துவிடவில்லை, ஆனாலும் இலக்கை நோக்கித் தொடருகிறேன் என்று பிலிப்பியருக்கு எழுதியவர் அப்போஸ்தலனாகிய பவுல். அப்படியிருக்க, நம் ஆராதனையில் வெற்றிப் பாடல்கள் மட்டுமே ஒலித்தால், மனைவியை அடக்கம்செய்துவிட்டு வந்திருக்கும் முதியவர் எங்கே நிற்பார்? வேலை இழந்த வாலிபன் எதைப் பாடுவான்? பாட இயலாமற்போனதாலேயே வீட்டில் தங்கிவிட்டவர்களும் நம் நடுவில் உண்டு. நூற்றைம்பது சங்கீதங்களில் பெரும்பங்கு புலம்பல்களாக இருப்பது அவர்களுக்காகத்தான். நாற்பதாம் சங்கீதத்தை அதன் கடைசி வசனம்வரை பாடும் சபையில் அவர்களுக்கும் இடம் உண்டு.

இந்த ஞாயிறு உங்கள் அருகில் பாடாமல் நிற்பவர் ஒருவர் இருந்தால், அவரைத் திரும்பிப் பார்க்காதிருங்கள், காரணமும் கேளாதிருங்கள். அவருக்கும் சேர்த்துச் சற்று உரக்கப் பாடுங்கள். அந்த நிலையில் நிற்பவர் நீங்களே என்றால், மௌனமாகவே வாருங்கள்; உங்கள் பங்கை நாங்கள் பாடுகிறோம்.

காத்திருக்கிறவர்களின் கூப்பிடுதலுக்குச் செவிசாய்க்கிற தேவன் உங்கள் யாவரோடும் இருப்பாராக. ஆமென்.