விரலா, வில்லையா?

கிதார் என்றதும் எல்லோர் கண்களும் ஆறு தந்திக் கிதாரையே தேடும். அதன் பக்கத்தில் நான்கு தடித்த தந்திகளோடு அடக்கமாக நிற்கும் பேஸ் கிதாரை யார் கவனிக்கிறார்கள்? அதன் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறைதான் அதிர்கிறது. ஆனால் அந்த அதிர்வு நின்றால் பாட்டின் அடித்தளமே ஆட்டங்கண்டுவிடும்.

ஆண்டு விழாவுக்காக நாங்கள் தேர்ந்தெடுத்தது, பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 1973இல் வெளியிட்ட ‘மணி’ என்னும் பாடல். காசும் கல்லாப்பெட்டியும் எழுப்பும் ஓசைகளுக்குப் பின் பேஸ் கிதார்தான் பாட்டைத் தொடங்கி வைக்கிறது. ஏழு எண்ணிக்கையில் சுழலும் அந்த நடை, மிச்ர சாபு அறிந்தவர்க்கு அந்நியமன்று.

தாளம் பிடிபட்டது. ஆனால் தந்தியை எதனால் மீட்டுவது? விரல்களால் மீட்டினால், சதையின் மென்மையால் ஒலி உருண்டு திரண்டு வரும். ‘பிக்’ எனப்படும் சிறு பிளாஸ்டிக் வில்லையால் மீட்டினால், அதன் கடினமான முனை மேல் அதிர்வுகளையும் எழுப்புவதால் ஒவ்வொரு சுரமும் தெறித்து விழும். வில்லை சோம்பேறிகளுக்குரியது என்பது என் எண்ணம். விரலே கலை என்று வாதாடினேன். மூன்று வாரத்தில் கொப்புளங்களும் கண்டேன்.

ஒத்திகையில் டிரம்ஸ் முழங்கியது. முடிந்ததும், “நீ வாசிச்சியாடா?” என்றான் பாடிய நண்பன். சுருக்கென்றது.

அன்றிரவு மூலப் பதிவை ஊன்றிக் கேட்டேன். ரோஜர் வாட்டர்ஸ் வில்லையால்தான் வாசித்திருக்கிறார்! இத்தனை நாளும் நான் வாசித்தது பாட்டையா, என் கர்வத்தையா?

மறுநாள் வில்லையைக் கையில் எடுத்தேன். அது சோம்பேறிகளின் கருவி அன்று என்பது உடனே விளங்கியது. மேல் ஸ்தாயிக்குத் தாவும் இடத்தில் அது வேறு தந்தியில் சிக்கியது. தேவையற்ற தந்திகள் ஒலிக்காமல் உள்ளங்கை ஓரத்தால் அடக்கப் பழகவே பத்து நாள் பிடித்தது.

அப்படியானால் வில்லைதான் உயர்ந்ததா? குவீன் குழுவின் 1980ஆம் ஆண்டுப் பாடலான ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’டில் ஜான் டீக்கன் விரலால்தான் வாசித்தார். மோடவுன் இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரே சுட்டுவிரலால் சாதனை புரிந்தார்.

விழா மேடையில் ஓரிடத்தில் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றமும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. வெட்கத்தோடு ஒரு மகிழ்ச்சியும் பிறந்தது. என் வாசிப்பு அவையை எட்டிவிட்டதல்லவா?

விரலா, வில்லையா என்பதை நாம் முடிவு செய்வதில்லை, நண்பர்களே. பாட்டு முடிவு செய்கிறது. நமக்குரியது கேட்கும் பணிவு ஒன்றே.