வரைபடத்தின் வாசல்

திருநீர்மலைக்கு வந்த திருமங்கையாழ்வார், மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்கிறது தலபுராணம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது அந்தப் புராணம் பக்கத்து ஊர்ச் செய்தியாயிற்று. நீர் தேங்கிய சாலைகளைத் தன்னார்வலர்கள் அப்போது குறித்து வைக்க உதவியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய வரைபடம் அது.

அதன் முகப்புப் பக்கம் 2013இல் மாற்றியமைக்கப்பட்டது. உலாவியிலேயே வரைய உதவும் ஐடி என்ற திருத்தி வந்ததும் அதே ஆண்டில்தான். 2015இல் வழிகாட்டும் வசதி சேர்ந்தது. இருந்தும் முதன்முறை வருபவர் இதை இன்னொரு வரைபடமாகவே பார்த்துவிட்டுப் போகக்கூடும். வரவேற்புக் குறிப்பு உலகத்தைப் பற்றிப் பேசுகிறது. அவருடைய தெருவைப் பற்றி அல்ல.

முகப்பு கேட்க வேண்டிய கேள்வி எளியது: உங்கள் ஊர் ஏரிக்கும் அதன் கலங்கலுக்கும் இங்கே பெயர் இருக்கிறதா? வழக்கமான படலம் ஓர் இடத்தின் முதன்மைப் பெயரையே காட்டுகிறது. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்ப் பெயரைச் சேர்க்கத் தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

2021இல் திருநீர்மலைப் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. ஆட்சிப் பெயர்கள் இப்படி மாறிக்கொண்டிருக்கும். வாய்க்கால்களின் பெயர்களோ பல இடங்களில் முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. வெள்ளம் தேடி வருவது அந்தப் பழைய தடங்களைத்தான். அவற்றை அறிந்தவர்களை அவர்கள் மொழியில் அழைப்பதே முகப்பின் முதல் வேலை என்று நினைக்கிறேன்.