வரையாட்டுக் கொம்புக்கு என்ன மதிப்பு?

ஆப்பிரிக்காவில் வாட்டர்பக் என்று ஒரு விலங்கு இருக்கிறது. பெயரில் தண்ணீர் இருப்பதால் தண்ணீருக்குள் வாழ்வது என்று நினைத்துவிட வேண்டாம். ஆற்றங்கரை, ஏரிக்கரைப் புல்வெளிகளை விட்டு அதிக தூரம் போகாத ஒரு பெரிய இரலை, அவ்வளவுதான். ஆணுக்கு மட்டும் கொம்பு உண்டு. ஒரு வகைக்குப் பின்புறத்தில் வட்டமாக வெள்ளை வளையம் இருக்கும். ஈரப் பெயிண்ட் காயாத கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்து எழுந்தது போல இருக்கிறது என்று அந்த ஊரில் கேலி செய்வார்கள்.

இந்த விலங்கைப் பற்றி வேட்டைக்காரர்களிடம் ஒரு முடியாத சண்டை உண்டு. கொம்பு அழகாக வளைந்து முன்னால் வருகிறது, சுவரில் மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்பது ஒரு கட்சி. கூடு, சேபிள் போன்றவற்றின் கொம்போடு ஒப்பிட்டால் இது இரண்டாம் தரம்தான் என்பது இன்னொரு கட்சி. உடம்பில் எண்ணெய்ப் பசை, அதனால் கறி நாறும் என்பார் ஒருவர். தோலை உரிக்கும்போது அந்தப் பசை கறியில் படாமல் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் பேச்சு அது என்பார் மற்றவர். எல்லாச் சண்டையும் கடைசியில் ஓர் எண்ணில் வந்து நிற்கும். கொம்பு 28 அங்குலம் இருக்கிறதா, இல்லையா? ரோலண்ட் வார்டு பதிவேட்டில் பெயர் வர அதுதான் குறைந்தபட்ச அளவு. விலங்குகளைப் பாடம் செய்து கொடுக்கும் தொழில் நடத்திய அந்த லண்டன்காரர் 1892இல் உலகத்து வேட்டை விலங்குகளின் கொம்பு அளவுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். அந்த வரிசை இன்றுவரை தொடர்கிறது.

சரி, திண்டுக்கல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மழை விட்ட மறுநாள் காலையில் திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் நின்று மேற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் நீலச் சுவர் போலத் தெரியும். அந்த மலையிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. அங்கே வாட்டர்பக்கின் இடத்தில் இருந்தது வரையாடு.

கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களைத் தொடர்ந்து ராணுவ அதிகாரிகளும் கலெக்டர்களும் துப்பாக்கியோடு வந்தார்கள். 1870களில் திண்டுக்கல் வழியாக ரயில் போன பிறகு அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரம் வரை போவார்கள். அதற்கு மேல் நடை, குதிரை, இல்லாவிட்டால் ஆள் சுமக்கும் நாற்காலி. இந்தக் கூட்டத்துக்கு எல்லாம் முன்னோடி டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி. பழனி மலையைச் சுற்றிப் பார்த்து, படம் வரைந்து, அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவர். பேரிஜம் பகுதியில் ஓர் இடம் இன்றும் அவர் பெயரால் ஃபோர்ட் ஹாமில்டன் என்று வழங்குகிறது. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் அவர் ஆடிய வேட்டைகளின் புத்தகம் 1892இல் வந்தது. ரோலண்ட் வார்டின் அளவுப் புத்தகம் வந்த அதே வருடம்!

இந்த வேட்டைக்காரர்களின் மனதில் ஒரு தர வரிசை இருந்தது. புலி, யானை, அதற்கடுத்து அவர்கள் பைசன் என்று அழைத்த காட்டுமாடு. அப்புறம் கடமான். வரையாட்டை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். அதற்கு அவர்கள் வைத்த பெயரே தப்பு. ஐபெக்ஸ் என்றார்கள். ஐபெக்ஸ் வேறு விலங்கு, அதன் கொம்பு வாள் மாதிரி நீண்டு வளையும். வரையாட்டின் கொம்போ குட்டையானது. நன்றாக வளர்ந்த கிடாவுக்கு 16, 17 அங்குலம் இருந்தால் பெரிய விஷயம். பெட்டைக்கும் கொம்பு உண்டு, ஆனால் இன்னும் சிறியது. பெயரைக் கேட்டு ஆசையோடு வந்தவர் அளவு நாடாவை எடுத்ததும் முகம் சுருங்கியிருப்பார்.

ஆனாலும் வரையாட்டுத் தலைக்கு மதிப்பு குறையவில்லை. ஏன்? அது இருக்கும் இடம் அப்படி. வரை என்றால் மலை. செங்குத்துப் பாறையும் அதன் தலையில் புல்வெளியும்தான் அதன் வீடு. மந்தை மேயும்போது ஒரு ஆடு நின்று காவல் பார்க்கும். ஆபத்து கீழிருந்துதான் வரும் என்று அவை பெரும்பாலும் கீழேயே கவனிக்கும். ஆகவே மேலே ஏறி, சுற்றி வந்து, காற்று தன் வாடையைக் கொண்டுபோகாதபடி ஊர்ந்து இறங்க வேண்டும். நடுவில் மேகம் வந்து மூடிவிட்டால் அன்றைய பாடு வீண். சுட்ட பிறகும் நிம்மதி கிடையாது. அடிபட்ட ஆடு விளிம்பில் உருண்டு பள்ளத்தில் விழுந்தால் கொம்பும் உடையும், உடம்பும் கிடைக்காது. அதனால் அங்குலத்தில் குறைந்தாலும் கஷ்டத்தில் உயர்ந்த டிராபி என்று பேசினார்கள். வாட்டர்பக்கைப் பற்றிய இரண்டு கட்சி இங்கேயும் இருந்தது. ஒன்று கொம்பை அளந்தது, மற்றது தான் ஏறிய ஏற்றத்தை அளந்தது. ஆட்டை அளந்தவர் யாரும் இல்லை.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து. சுடுவதென்றால் 'சேடில்பேக்'கைத்தான் சுட வேண்டும். கிடா முதிர முதிர உடம்பு கறுத்து, முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய திட்டு விழும். அதுதான் சேடில்பேக். பெட்டையையும் குட்டியையும் விட்டுவிட்டுத் தனியாகத் திரியும் கிழக் கிடாவை எடுத்தால் மந்தைக்கு நஷ்டமில்லை என்பது அவர்கள் நியாயம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும் கூட. நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் அதற்கு ஒரு சட்டமும் வந்தது. லைசென்ஸ், வேட்டைக்கு மூடிய காலம் என்று கட்டுப்பாடுகள் வந்தன. மூணாறு பக்கத்தில் தோட்டத்துரைகள் தங்கள் வேட்டைக்காகப் பாதுகாத்து வைத்த இரவிகுளம்தான் 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவாகி, இன்று வரையாட்டின் முக்கியமான வீடாக இருக்கிறது. சுடுவதற்காக வளர்த்த காடுதான், ஆனாலும் காடு மிஞ்சியது. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நியாயமில்லை.

மறு பாதியில்தான் கோளாறு. தனியாகத் திரியும் கிடா ரிட்டையர் ஆன கிடா அல்ல. வருடத்தின் பெரும்பகுதி வளர்ந்த கிடாக்கள் பெட்டை மந்தையை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இணை சேர மந்தைக்குத் திரும்பி வரும். ஜனவரி, பிப்ரவரியில் குட்டிகள் பிறக்கும். ஆக, ஒதுக்கப்பட்ட கிழவன் என்று சுடப்பட்டது பல சமயம் அந்த மழைக்காலத்தின் மாப்பிள்ளை! கனடாவின் ஆல்பர்ட்டாவில் பெரிய கொம்புள்ள மலைச் செம்மறிகளையே தேடித் தேடிச் சுட்டதில், தலைமுறைகள் போகப் போக அந்தக் கூட்டத்தின் கொம்பே சிறுத்துவிட்டது என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. நல்ல கொம்பு வேண்டும் என்ற ஆசையே நல்ல கொம்பை இல்லாமல் ஆக்கியது.

திண்டுக்கல் சமவெளியிலும் வேட்டைக்காரர்கள் உண்டு. மதுரை, திண்டுக்கல், சிவகங்கை வட்டாரக் கிராமங்களில் சாமி கும்பிட்டுவிட்டு ஊரே கம்போடும் நாயோடும் கிளம்பிப் போகும் பாரி வேட்டை பழைய வழக்கம். பெரும்பாலும் முயல் வேட்டைதான். கிடைத்ததை ஊருக்குக் கொண்டுவந்து பங்கு போடுவார்கள். அங்கே அளவு நாடா கிடையாது. பங்கு எல்லாருக்கும் வந்ததா என்பதுதான் கேள்வி. முயலின் தலையை யாரும் சுவரில் மாட்டியதில்லை. அதற்காக அந்த வேட்டை தர்மம், துரைமார் வேட்டை பாவம் என்று கோடு போட்டுவிடவும் முடியாது. முயலுக்கு இரண்டும் ஒன்றுதான், சட்டத்துக்கும் அப்படித்தான். வனத்துறை இதைத் தடுக்கிறது, பிடித்தால் அபராதமும் வழக்கும் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம் சொல்லலாம். துரைமாரின் கருத்து புத்தகமாக அச்சேறியது. அவர்களுக்கு வழி காட்டி, தடம் பார்த்து, செத்த ஆட்டைத் தோளில் சுமந்து வந்த மலைவாசிகள் அதே ஆட்டைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரையாடு முதல் அட்டவணையில் ஏறியது. அதோடு டிராபி வேட்டை முடிந்தது. பழைய பங்களாக்களில் மாட்டியிருந்த தலைகளைக் கணக்குக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆனது. வைத்திருக்கலாம், விற்க முடியாது. விலைமதிப்பு என்ற கேள்வியே அந்தத் தலைகளுக்கு இல்லாமல் போய்விட்டது.

வெளிநாட்டில் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. பாகிஸ்தானில் மார்க்கோர் என்ற மலையாட்டைச் சுட வருடத்துக்கு மிகச் சில பெர்மிட்டுகள் ஏலம் போகின்றன. ஒன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல். அதில் 80 சதவீதம் அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கே போகிறது. அதனால் அவர்களே ஆட்டைக் காவல் காக்கிறார்கள், எண்ணிக்கையும் ஏறியிருக்கிறது. பார்த்தீர்களா, துப்பாக்கிதான் காப்பாற்றியது என்று இதைக் காட்டுகிறார்கள். நல்ல வாதம்தான். ஆனால் மார்க்கோரின் கொம்பு திருகித் திருகி ஐந்து அடி வரை போகும். 16 அங்குலக் கொம்புக்காரனை அந்த ஏலத்தில் நிறுத்தினால் எவ்வளவுக்குப் போவான்? கொம்புக்காகப் போகமாட்டான். எங்கும் கிடைக்காத ஆடு என்பதற்காக வேண்டுமானால் யாராவது பணத்தைக் கொட்டலாம். அப்படியானால் ஆடு அரிதாக இருக்கும்வரைதான் விலை. பெருகினால் விலை இறங்கிவிடும், வாட்டர்பக்கைப் போல. பாதுகாப்பின் வேலையே ஆட்டை அரிதில்லாமல் ஆக்குவது. இந்த இரண்டும் எத்தனை நாள் ஒரே திசையில் போகும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழனி மலையில் வரையாட்டை அழிக்கத் துப்பாக்கிகூடத் தேவைப்படவில்லை. சீகை மரம், பைன், யூகலிப்டஸ் என்று தோல் பதனிடவும் காகிதக்கூழுக்கும் நட்டார்கள். சும்மா கிடக்கும் புல் தரை என்று நினைத்து நட்டார்கள். 1973க்கும் 2014க்கும் இடையில் அந்த மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். டிராபி வேட்டை நின்றது 1972இல். அதாவது யாரும் சுடாத காலத்தில்தான் ஆட்டின் சோற்றுத் தட்டில் பெரும்பகுதி பறிபோனது. வேட்டைக்காரனாவது ஆடு எங்கே நிற்கிறது என்று தெரிந்து வைத்திருந்தான். மரம் நட்டவர்களின் கணக்கில் ஆடே இல்லை.

இப்போது வேறு விதமாக அளக்கிறார்கள். நீலகிரி வேட்டைச் சங்கம் காலப்போக்கில் பாதுகாப்புச் சங்கமாக மாறியது. அதில் இருந்த வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் 1975இல் வரையாட்டைப் பற்றிய முதல் ஆய்வுகளில் ஒன்றைச் செய்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 வரையாடு தினம். தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாய் சொச்சத்தில் வரையாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள், 2025இல் 1,303. தேடிய இடங்களும் கூடியிருப்பதால் கூடுதல் எல்லாமே புதுக் குட்டிகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் அங்குலத்தை எண்ணிய மலையில் தலையை எண்ணுகிறார்கள், அதுவும் உயிருள்ள தலையை.

திண்டுக்கல் நகரத்தின் குடிநீருக்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் முக்கியமான ஆதாரம். அதில் தேங்குவது பழனி மலைத்தொடரின் ஓடைகளில் இறங்கி வரும் தண்ணீர். உச்சியில் பெய்யும் மழையைப் பஞ்சு போல வாங்கி மெல்ல மெல்லக் கீழே விடுவது புல்லும் சோலையும். வரையாடு நிற்கும் இடத்தில் புல் இருக்கிறது என்று அர்த்தம். சங்க இலக்கியம் இதே ஆட்டை வருடை என்று சொல்லும். அந்தப் பெயர் வந்து இரண்டாயிரம் வருடம் ஆகிறது. கொம்பை நாடா வைத்து அளந்தது அதில் ஒரு நூறு வருடம்தான். அந்த நூறு வருடக் கருத்தைத் தாண்டி ஆடு பிழைத்துவிட்டது. அடுத்து அது பிழைக்குமா என்பது கொம்பின் நீளத்தில் இல்லை, மேலே மிச்சமிருக்கும் புல்லில் இருக்கிறது.