மைனஸ் 30 டிகிரியில் சூடான சீட்! உலான்பாட்டரின் பழைய பிரியஸ் கார்களும் பணிமனைகளும்

மங்கோலியாவின் தலைநகரான உலான்பாட்டரில் தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கடந்து போகும் கார்களில் பல ஒரே சாயலில் இருக்கும். முன்புறம் தாழ்ந்து, பின்புறம் சரிந்து இறங்கும் டொயோட்டா பிரியஸ்! பெரும்பாலானவை ஜப்பானில் பல ஆண்டுகள் ஓடி, கப்பலேறி, பிறகு நிலவழியாக இங்கே வந்து சேர்ந்தவை. ஜப்பானியக் கார் என்பதால் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும். மங்கோலியாவில் சாலையின் வலப்பக்கமாகத்தான் வண்டி ஓட்டவேண்டும். முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் ஓட்டுநர் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அது பழகிவிட்டது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரத்தில், தூல் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த நகரம். உலகின் மிகக் குளிரான தலைநகரம் என்று இதைச் சொல்வார்கள். ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி என்பது இங்கே சாதாரணம். அந்தக் குளிரில் சாதாரண காரின் 12 வோல்ட் பேட்டரி சோர்ந்துபோய், இன்ஜினைச் சுழற்றவே திணறும். பிரியஸில் இன்ஜினைச் சுழற்றிவிடுவது பெரிய ஹைப்ரிட் பேட்டரியின் மின்சாரம். காலையில் சிரமமில்லாமல் ஸ்டார்ட் ஆகும் என்ற நம்பிக்கையும், ஹைப்ரிட் கார்களுக்கு அரசு கொடுத்த வரிச் சலுகையும் சேர்ந்து இந்தக் காரை மங்கோலியர்களின் செல்லப்பிள்ளை ஆக்கிவிட்டன.

சீட் சூடு ஏன் முக்கியம்?

காருக்குள் வரும் வெதுவெதுப்பான காற்று, இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டின் சூட்டில்தான் உருவாகிறது. ஹைப்ரிட் காரின் லாபமே சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடுவதுதான். ஆனால், ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் கூலன்ட் ஆறியதும் இன்ஜின் தானாக மறுபடி உயிர்பெறும். அமைதி அவென்யூவின் மாலை நேர நெரிசலில் இப்படி அணைந்து அணைந்து எரிந்தால் பெட்ரோல் கரையும்.

சூடாகும் சீட்டுக்கு இன்ஜின் தயவு தேவையில்லை. ஒரு சீட்டுக்குச் சுமார் 50 வாட் மின்சாரம் போதும். இரண்டே நிமிடத்தில் முதுகுக்கு இதம் கிடைத்துவிடுவதால், ஹீட்டரைக் குறைத்து வைக்கலாம். இந்த ஊரில் சொந்தக் காரையே டாக்ஸியாக ஓட்டிப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். சாலையோரம் ஒருவர் கையை நீட்டினால் போதும், ஏதோ ஒரு கார் நின்றுவிடும். நாள் முழுக்க சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் அவர்களுக்கு இது சொகுசல்ல. இடுப்பு வலிக்கும் பெட்ரோல் செலவுக்கும் நடுவிலான கணக்கு.

எங்கே பிழை?

15 வயதைக் கடந்த கார்களில் இந்தச் சூடு திடீரென நின்றுபோவது சகஜம். பழைய கார்களையும் உதிரிபாகங்களையும் விற்பதில் பெயர்பெற்றது தா ஹூரே சந்தை. அந்த மாதிரி இடங்களையொட்டிய பணிமனைகளில் அனுபவமுள்ள மெக்கானிக் எடுத்தவுடன் சீட்டைக் கிழிப்பதில்லை. எளிமையானதிலிருந்து தொடங்குவார்.

இரண்டு முன் சீட்டுகளுமே சூடாகவில்லையா? முதல் சந்தேகம் ஃபியூஸ் மீது. ஒரு சீட் மட்டும்தானா? ஸ்விட்ச்சில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால், ஸ்விட்ச் வரை மின்சாரம் வருகிறது. அடுத்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர். பனி ஒட்டிய பூட்ஸோடு ஏறுவதால், அது உருகித் தரைவிரிப்பில் ஊறி, கனெக்டரின் பின்களில் பச்சைப் பாசிபோலக் களிம்பு ஏறியிருக்கும். பல கார்களில் அதைச் சுத்தம் செய்தாலே சூடு திரும்பிவிடும்.

அதுவும் சரியாக இருந்தால் மல்டிமீட்டர் வெளியே வரும். கனெக்டர் வரை 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்த பிறகு, இணைப்பைக் கழற்றி, சீட்டுக்குள் இருக்கும் சூடேற்றும் விரிப்பின் மின்தடையை அளப்பார்கள். நல்ல விரிப்பு என்றால் சில ஓம் காட்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால், உள்ளே கம்பி அறுந்திருக்கிறது அல்லது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுது. பின் சீட்டில் இருக்கும் பையை எடுக்க முன் சீட்டில் முழங்காலை ஊன்றுவது, உட்காரும் பகுதியும் முதுகுப் பகுதியும் சேரும் மடிப்பு நாள்தோறும் நசுங்குவது... கம்பி அறுவதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

தொடக்கூடாத கம்பிகள்

சீட்டைத் தரையோடு பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள்தான். கழற்றுவது சுலபம் என்றாலும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அதன் கனெக்டர் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பை எடுத்து, குறைந்தது 90 விநாடிகள் காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஹைப்ரிட் பேட்டரியின் உயர் மின்னழுத்தக் கம்பிகள். சீட் வேலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. கிட்டேயே போகக் கூடாது.

உறையைப் பிடித்திருக்கும் சின்ன இரும்பு வளையங்களை வெட்டி, பழைய விரிப்பை உரித்து, புதியதை ஒட்டி, மறுபடி வளையம் போடுவது அரைநாள் வேலை. செலவை மிச்சம்பிடிக்க, அறுந்த கம்பியை முறுக்கி ஒட்டித் தரச் சொல்பவர்களும் உண்டு. ஒட்டுப்போட்ட அந்த ஒரு புள்ளி மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி, உறையையும் தோலையும் பொசுக்கிவிடலாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்குச் சூடு ஏறுவதே தெரியாது. சீட்டில் கருகிய தடம் தெரிந்தாலோ, ஒரே இடத்தில் மட்டும் சுட்டாலோ, அந்த நிமிடமே ஸ்விட்ச்சை அணைத்துவிட வேண்டும்.

நகரைச் சுற்றியுள்ள கெர் கூடாரக் குடியிருப்புகளின் அடுப்புப் புகையால் உலான்பாட்டரின் குளிர்காலம் மூச்சுத் திணறுகிறது. 2019-ல் பதப்படுத்தாத நிலக்கரியை நகரில் எரிக்கத் தடை வந்தது. அடுப்புகளோடு ஒப்பிட்டால் கார்களின் பங்கு குறைவு என்றாலும், நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு இன்ஜினும் அந்தக் காற்றில்தான் புகையைக் கலக்கிறது.

இந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள், வாடகைக்கு எடுக்கும் பழைய காரின் சீட் ஸ்விட்ச்சை ஊருக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நகர எல்லையைத் தாண்டிவிட்டால், அடுத்த பணிமனை பல மணி நேரப் புல்வெளிக்கு அப்பால்தான்!