அனுமதி கேளாத கண்

எங்கள் காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே முடுக்குகள் உண்டு. பெண்கள் பிறர் பார்வையில் படாது போய்வருவதற்கென முன்னோர் விட்டுவைத்த ஒடுங்கிய வழிகள் அவை. என் வாப்பா அவ்வழியே செல்ல நேர்ந்தால், ஒருமுறை கனைத்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்கள். அவர்களுடைய மகனாகிய நானோ, என் வீட்டுக் கூடத்திலேயே அனுமதி கேளாத கண்ணொன்றை மாட்ட இசைந்தேன்.

நோக்கம் நல்லதுதான். முதுமையடைந்த என் உம்மா இருமுறை கூடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். வளைகுடாவில் பணிபுரியும் என் மாப்பிள்ளை, விடுமுறையில் வந்தபோது, தலையைத் திருப்பிப் பார்க்கவும் பேசவும் வல்ல கேமரா ஒன்றை வாங்கிப் பொருத்தினார். கணக்கு அவர் பெயரில் இருந்தது. ஒரே கடவுச்சொல்லை எனக்கும் என் மகனுக்கும் சொல்லிவைத்தார். கடையில் அமர்ந்தபடியே உம்மாவைக் கவனித்துக்கொள்ள முடிந்ததில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

ஒருநாள் பஜ்ருக்கு முன் எழுந்த என் மகள், கூடத்தில் நின்று கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கேமராவின் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பிற்று. கணவர்தாம் என்றெண்ணி ஸலாம் கூறினாள். பதில் வரவில்லை. விசாரித்தபோது, மாப்பிள்ளை அந்நேரம் பணியிலிருந்தார். கைபேசியைக் கையில் எடுக்கவேயில்லை. நானும் மகனும் உறக்கத்தில் இருந்தோம்.

பின்னரே உண்மை தெரிந்தது. மாப்பிள்ளை தம் பழைய கைபேசியை அறைத்தோழர் ஒருவருக்குக் கொடுத்தபோது, அந்தச் செயலியை நீக்க மறந்திருந்தார். தோழர் வேண்டுமென்றே பார்த்தாரா, விரல் தவறிப் பட்டதா என்பதை அல்லாஹ்வே அறிவான். உடனே கடவுச்சொல்லை மாற்றினோம். மறுநாளும் தம் கைபேசியில் எங்கள் கூடம் தெரிவதாக அந்தத் தோழரே வருந்திச் சொன்னார்.

காரணம் இதுதான். முதன்முறை கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும்போதே, கைபேசிக்கு ஓர் அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் சீட்டைக் காட்டினாலே போதும். பூட்டை மாற்றினாலும், முன்னமே உள்ளே வந்து அமர்ந்தவர் எழுந்து போவதில்லை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'ரிங்' கதவுமணிக் கேமராவிலும் இத்தகைய குறை வெளிப்பட்டது. கடவுச்சொல் மாற்றப்பட்ட பின்னும், முன்பு நுழைந்தவர்கள் உடனடியாக வெளியேற்றப்படவில்லை.

இன்னொரு குறை இதனினும் பெரிது. எங்கள் கேமரா, பதிவு செய்தவரையே உரிமையாளராக ஏற்றது. கடவுச்சொல் அறிந்த மற்றவர்களுக்கோ எந்நேரமும் எதையும் பார்க்கும் முழு உரிமையைத் தந்தது. கூடத்தில் வாழும் பெண்களுக்கு, தம்மைப் பார்ப்பவர் யாரென்று அறியும் வழிகூட இல்லை.

திருமறையின் அந்நூர் அத்தியாயத்தை அன்றிரவு மீண்டும் ஓதினேன். பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று ஸலாம் உரைத்தே நுழைய வேண்டும். திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும். அதனோடு நிற்கவில்லை. பஜ்ருக்கு முன்பும், நண்பகலில் ஆடை களையும் நேரத்திலும், இஷாவுக்குப் பின்பும், வீட்டிலேயே உள்ள பணியாளரும் சிறுவரும்கூட அனுமதி கேட்க வேண்டும் என்கிறது 58ஆம் வசனம். யார், எந்நேரம் என்றெல்லாம் பகுத்து வழங்கப்படும் அனுமதி அது. எங்கள் கருவிக்கோ அந்தப் பகுப்பே தெரியாது.

"அந்நியர் பார்த்ததுக்கு எல்லாரும் பதறுறீங்க, வாப்பா. நீங்க கடையிலிருந்து பார்க்கும்போது என்னிடம் கேட்டீங்களா?" என்றாள் மகள். எனக்கு மறுமொழி இல்லை. முடுக்கில் கனைத்த என் வாப்பாவை நினைத்துத் தலைகுனிந்தேன்.

இப்போது 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்னும் கட்டளையைக் கொடுத்து, பழைய சீட்டுகளையெல்லாம் செல்லாதனவாக்கிவிட்டோம். கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, மகள் பெயரிலேயே பதிந்தோம். கேமரா உம்மாவின் கட்டிலை மட்டும் நோக்குகிறது. அந்த மூன்று நேரங்களிலும் மகள் அதன்மேல் ஒரு துணியைப் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளையும் மனமுவந்து இசைந்தார்.

நான் பார்க்க விரும்பினால் முதலில் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கிறேன். ஸலாம் சொல்லி, "பார்க்கலாமா, மகளே?" என்று கேட்கிறேன். சில நாட்களில், "இப்ப வேண்டாம், வாப்பா" என்கிறாள். கைபேசியைக் கீழே வைத்துவிடுகிறேன்.