நூறில் ஒரு நொடி

நேத்து ஸ்கூல் ஓட்டப்பந்தயத்துல என் பொண்ணு நாலாவது. ஷூவை மூலையில வீசிட்டு, "இனிமே ஓடமாட்டேம்ப்பா"ன்னு ஒரே அழுகை.

எனக்கு பி.டி. உஷா ஞாபகம்தான் வந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். நூறில் ஒரு நொடியில் வெண்கலம் போச்சு. அடுத்த வருஷமே ஜகார்த்தா ஆசிய தடகளப் போட்டியில் 5 தங்கம்! அதோடு நிற்கவில்லை. 2002-ல் கேரளத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே படித்த டின்டு லூக்கா, 2010 ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். தனக்குத் தப்பின பதக்கம் மாணவி கழுத்தில்.

"அவங்களும் அழுதாங்களாப்பா?"

"அழுதிருப்பாங்கம்மா. ஆனா ஓடுறதை விடலையே."

இன்னிக்குக் காலையில ஷூவைத் தேடிக்கிட்டிருந்தா. பார்க்கலாம் :-)