தெல்லிப்பழை வரை

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002 பிப்ரவரி 22ஆம் நாள் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக் கோடை விடுமுறையில் நான் யாழ்ப்பாணம் சென்றேன். அமைதிப் பேச்சிலிருந்து விலகி நிற்பதாகப் புலிகள் அறிவித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன, எத்தனை நாளைக்கு என்று எவராலும் கூற இயலவில்லை.

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே மொட்டமலையில் ஈழத்து ஏதிலியர் முகாம் ஒன்று உண்டு. என் வகுப்பில் அம்முகாமின் பிள்ளைகளும் பயின்றனர். என் பயணச் செய்தி அறிந்து ஒரு மாணவனின் தாய் பள்ளிக்கே வந்தார். 1990இல் கைக்குழந்தையோடு மயிலிட்டியை விட்டு வெளியேறியவர் அவர். "எங்கட கிணத்தடி மாமரம் நிக்குதோ எண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டு வாங்கோ சேர்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஐந்து பொட்டலங்களுடன் திருவனந்தபுரம் வழியாகக் கொழும்பு சேர்ந்தேன். அந்நாளில் கொழும்பின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முந்தி ஓடியது. வவுனியாவைத் தாண்டி ஓமந்தையில் இராணுவச் சோதனை முடிந்து, புலிகளின் சோதனைச் சாவடியை அடைந்தபோது பேருந்தில் சிலர் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்பினர். 1996இல் அரசு செய்த நேரமாற்றத்தைப் புலிகளின் பகுதி ஏற்கவில்லையாம். என் கடிகாரமும் திரும்பியது; அது அப்போது இராசபாளையத்து நேரத்தைக் காட்டியது. ஏனோ மனம் மகிழ்ந்தது. ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடுவது மகிழத்தக்கதா என்று அடுத்த கணமே தோன்றியது.

சாலையின் இருபுறமும் பனைகள் நின்றன. எங்கள் கரிசல் காட்டிலும் பனை உண்டு. ஆனால் தலையில்லாப் பனைகளை நான் கண்டதில்லை. எறிகணைகள் கொய்து சென்றவை போக, கரிந்த தூண்கள் மட்டும் வரிசையாய் நின்றன. அவற்றினடியில் மண்டையோடு வரைந்த மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். என்னருகில் இருந்த இளைஞனுக்கு ஒரு கால் செயற்கைக்கால். எங்கள் ஊரை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் காயங்களுக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். அத்தறியோசை கேட்டு வளர்ந்த நான், அத்துணி எங்கெங்கே போய்ச் சேரும் என ஒருநாளும் எண்ணியதில்லை. அவனோ உற்சாகமாகப் பேசிவந்தான். வீடு கட்டுவதற்காகக் கொழும்பில் வாங்கிய சன்னல் சட்டங்கள் பேருந்தின் கூரைமேல் இருந்தன. 2006 ஆகஸ்டில் அச்சாலை மீண்டும் மூடப்பட்ட செய்தியைப் படித்தபோது அச்சட்டங்களே முதலில் நினைவுக்கு வந்தன.

யாழ்ப்பாணத்தில் பெயர்ப்பலகை தோறும் தமிழ். பேசுவதைக் 'கதைப்பது' என்றார்கள். கடல் கடந்து வந்து வேற்றூரில் நிற்கும் உணர்வே எழவில்லை. தேநீர்க் கடை முதியவர் ஒருவர் "இந்தியாவோ?" என்று கேட்டார். ஆமென்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை அங்கிருந்த காலம் அவர் நினைவில் ஓடியிருக்கலாம். பிறகு தேநீர் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த மௌனமும் அந்த அன்பும் ஒருவரிடமிருந்தே வந்தன, இரண்டையும் பெற்றுக்கொண்டேன்.

எனக்கு இடமளித்த தமிழாசிரியர் நூலகத்திற்கு அழைத்துச் சென்றார். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. புதுப்பிக்கப்பட்ட வெண்ணிறக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்தோம். ஊரடங்குக் காலங்களைப் பற்றி அவர் சொல்லிவந்தார். 1990களில் எங்கள் தென்மாவட்டங்களும் சாதிக் கலவரத்தால் பேருந்து ஓடாத நாள்களைக் கண்டவை. எங்களுக்கும் தெரியும் எனச் சொல்ல வாயெடுத்தேன். நாள்களை எங்ஙனம் ஆண்டுகளோடு ஒப்பிடுவது? புகைப்படக் கருவியும் பையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மயிலிட்டிக்குப் புறப்பட்டோம். தெல்லிப்பழைக்கு அப்பால் சாலை முட்கம்பியில் முடிந்தது. உயர்பாதுகாப்பு வலயம். "போக ஏலாது" என்றான் காவல் நின்ற சிங்கள வீரன். மேல்நிலை வகுப்பு மாணவன்போல அரும்புமீசை. எனக்குச் சினம் வந்தது. அம்முகத்தைப் பார்த்துக்கொண்டே சினத்தை வைத்திருக்க முடியவில்லை. இந்தியன் என்றதும் "புத்தகயா?" என்று ஆவலுடன் கேட்டான். தன் தாய் அங்குச் செல்ல விரும்புவதாக அரைகுறைத் தமிழிலும் கையசைவிலும் தெரிவித்தான். பால்கோவாவில் ஒரு துண்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். அவ்வேலிக்கு அப்பாலிருந்த மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களிடம் மீண்டது.

ஊர் திரும்பி, மரத்தைப் பார்க்க இயலவில்லை என்று அந்த அம்மையாரிடம் சொல்ல நான் தயங்கினேன்.

"தெல்லிப்பழை வரைக்கும் போனீங்களோ?" என்றார்.

"போனேன்."

துர்க்கை அம்மன் கோயில், சாலையோரத்து வாழைத் தோட்டங்கள், செம்மண் என ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்டவற்றைச் சொன்னேன். பிறகு, "கடற்காத்து வந்ததோ சேர்?" என்றார்.

"வந்தது" என்றேன்.